போன வாரம் என்ன படம் பார்த்தீர்கள்? குறித்து வைக்கத் தொடங்குபவர்களுக்கு

போன வாரம் என்ன படம் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால் ஒன்றோ இரண்டோ உடனே வாயில் வரும். அதற்கு முந்தின வாரம் என்றால் எல்லோரும் விட்டத்தைப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை தியேட்டர், வார நாளில் தூக்கம் வரும்வரை ஓடிடி, ஞாயிறு மதியம் சாப்பாட்டுத் தட்டோடு டிவியில் ஒன்று என்று வாரம் மூன்று படம் பார்த்தாலே வருடத்துக்கு நூற்றைம்பதைத் தாண்டிவிடும். அதில் பாதிக்குப் பெயர்கூட மிஞ்சாது.

நான் குறித்து வைக்க ஆரம்பித்தது ரசனையை வளர்க்கவெல்லாம் இல்லை. ஒரு நாள் ராத்திரி ஒரு த்ரில்லரைக் காசு கொடுத்து வாடகைக்கு எடுத்து, முக்கால் மணி நேரம் பார்த்து, கொலைகாரன் யார் என்று தம்பியிடம் பந்தயம் கட்டப்போன நேரத்தில் அவன் சொன்னான்: "அண்ணே, இதை நாம போன தீபாவளிக்கே பார்த்துட்டோம்." அவன் நல்லவன், பந்தயம் கட்டிய பிறகு சொல்லியிருக்கலாம்.

அன்றிலிருந்து எழுதுகிறேன். இரண்டு முறை பாதியில் விட்டேன், மூன்றாவது முறைதான் நிலைத்தது. எங்கே சறுக்கினேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரி என்றால் ஒரு படம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வரி என்றால் ஒரு தடவை பார்த்தது. ஒரே படத்தை மூன்று முறை பார்த்தால் மூன்று வரி. கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும், ஆனால் எந்த ஆப், என்ன கட்டம், பாதியில் நிறுத்திய படத்தை என்ன செய்வது என்று பின்னால் வருகிற குழப்பம் பாதிக்கும் மேல் இதிலேயே தீர்ந்துவிடும்.

எதில் எழுதுவது

இங்கேதான் நிறையப் பேர் ஒரு மாதத்தை வீணடிப்பார்கள். பத்து ஆப்பை இறக்கிப் பார்த்து, ஒப்பிட்டு, வீடியோ பார்த்து, கடைசியில் ஒரு படமும் குறித்திருக்க மாட்டார்கள். படம் முடிகிற நேரத்தில் உங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் எது இருக்கிறதோ அதில் எழுதுங்கள். வீட்டு டிவியில்தான் அதிகம் பார்க்கிறீர்கள் என்றால் டிவி ஸ்டாண்டில் ஒரு கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு, அதோடு நூலில் கட்டிய ஒரு பேனா. கட்டாவிட்டால் பேனா இரண்டு நாள் தாங்காது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு நாள். போனில்தான் பார்க்கிறீர்கள் என்றால் போனிலேயே கூகுள் ஷீட்ஸ், கட்டம் கட்டமாக எழுதுகிற ஆப். ஆப் வேண்டும் என்று முடிவே செய்துவிட்டவர்களுக்குக் கீழே தனியாகச் சொல்கிறேன், ஆனால் முதல் ஒரு மாதம் நோட்டிலோ ஷீட்டிலோ எழுதிவிட்டு ஆப்புக்குப் போவதே என் கட்சி. உங்களுக்கு எது நினைவில் இருக்க வேண்டும் என்பது அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். நேராக ஆப்பில் இறங்கினால் அது எதைக் கேட்கிறதோ அதை நிரப்பிக்கொண்டே இருப்பீர்கள்.

நோட்டைப் பழைய காலத்து வேலை என்று யாராவது சிரித்தால் பிலிம் நியூஸ் ஆனந்தனைச் சொல்லுங்கள். தமிழ் சினிமாவின் முதல் மக்கள் தொடர்பாளர் என்று அறியப்பட்டவர், 2016-ல் மறைந்தார். எந்தப் படம், எந்த வருடம், யார் நடித்தது, யார் எடுத்தது என்று வாழ்நாள் முழுக்கத் தகவல்களையும் புகைப்படங்களையும் சேர்த்து வைத்தார். பழைய படம் எதிலாவது சந்தேகம் என்றால் பத்திரிகைக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள். அவர் சேர்த்ததைப் பிறகு தமிழக அரசே வாங்கிக்கொண்டது. நமக்கு அந்த அளவுக்கு வேண்டாம். ஒரு வரி போதும்.

அந்த ஒரு வரியில் என்ன இருக்க வேண்டும்

நான் முதல் தடவை விட்டது இதனால்தான். இயக்குநர், இசை, ஒளிப்பதிவு, எடிட்டர், ஓடும் நேரம் என்று பதினான்கு கட்டம் போட்டேன். ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் ஆனது, மூன்றாவது வாரம் ஷீட்டைத் திறக்கவே பயமாக இருந்தது. இதெல்லாம் இணையத்தில் எப்போது தேடினாலும் கிடைக்கும். தேடினாலும் கிடைக்காததை மட்டும் எழுதுங்கள்: எப்போது பார்த்தீர்கள், எங்கே, யாரோடு, அப்போது என்ன தோன்றியது.

இப்போது என்னிடம் இருப்பது ஏழு கட்டம். பார்த்த தேதி, படத்தின் பெயர், அது வெளியான வருடம், எந்த மொழியில் கேட்டேன், எங்கே பார்த்தேன், யாரோடு, ஒரு வரிக் குறிப்பு. ஒரு உதாரணம்:

2024-06-16, பொல்லாதவன், 1980, தமிழ், டிவி, அப்பா, "அடுத்த வசனத்தை அப்பா முன்னாடியே சொல்லிக்கொண்டே இருந்தார், விளம்பரத்தில்தான் வாயை மூடினார்."

அந்தக் குறிப்பில் படத்தைப் பற்றி ஒன்றுமே இல்லை, கவனித்தீர்களா? ஆனால் அந்த வரியைப் பார்த்தால் எனக்கு அந்த மதியம் முழுசாக வந்துவிடுகிறது. "நல்ல படம், இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை" என்று எழுதிய வரிகள் என்னிடம் முப்பது இருக்கும், எது எந்தப் படம் என்று எனக்கே தெரியவில்லை. ஆகவே பொதுவாக எதையும் எழுதாதீர்கள். ஒரு காட்சி, ஒரு முகம், தியேட்டரில் பின்வரிசையில் ஒருவர் அடித்த கமெண்ட், இடைவேளையில் பாப்கார்ன் விலையைப் பார்த்து அதிர்ந்தது, எதுவாக இருந்தாலும் சரி, அன்றைக்கு மட்டுமே நடந்ததாக இருக்க வேண்டும்.

தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஷீட்டில் 5/6 என்று போட்டால் அது ஜூன் 5 ஆகவும் இருக்கலாம், மே 6 ஆகவும் இருக்கலாம். ஷீட்டின் அமைப்பு அமெரிக்காவுக்கு இருந்தால் மாதத்தை முன்னால் எடுத்துக்கொள்ளும். 2024-06-05 என்று எழுதினால் அந்தச் சண்டையே இல்லை, வரிசைப்படுத்தினாலும் ஒழுங்காக நிற்கும். ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ் போய் லொகேல் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றி வைத்தால் இன்னும் நிம்மதி.

ஷீட்டில் இன்னொரு சின்னத் தொல்லை, பெயரே எண்ணாக இருக்கும் படங்கள். நமக்கு அது கொஞ்சம் அதிகம்: 3 (2012), 24 (2016), 96 (2018). இவற்றைத் தட்டினால் ஷீட் அதை எண் என்று நினைத்துக் கட்டத்தின் வலது ஓரத்துக்குத் தள்ளிவிடும், அகர வரிசையில் போட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் போய் நிற்கும். எண்ணுக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டுவிடுங்கள், எழுத்தாக எடுத்துக்கொள்ளும்.

ஒரே பெயர், வேறு படம்

வெளியான வருடம் எதற்கு என்று கேட்பீர்கள். மேலே சொன்ன பொல்லாதவனையே எடுங்கள். 1980-ல் ரஜினிகாந்த் படம், 2007-ல் தனுஷ் படம், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சரி, நடிகர் பெயரைப் போட்டால் போதாதா என்றால் விக்ரம் இருக்கிறது: 1986-லும் ஒன்று, 2022-லும் ஒன்று, இரண்டிலும் கமல்ஹாசன்தான். பழைய பெயரை எடுத்துப் புதுப் படத்துக்கு வைப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்ட பிறகு, வருடம் இல்லாத வரி ஐந்து வருடம் கழித்து ஒன்றுக்கும் ஆகாது.

வருடம் தெரியாவிட்டால்? தியேட்டரில் என்றால் படம் தொடங்கும் முன் வருகிற சென்சார் சர்டிபிகேட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லோரும் பாப்கார்னைக் கைமாற்றுகிற நேரம் அது. படத்தின் முறையான பெயர், மொழி, ஓடும் நேரம், சான்றிதழ் கொடுத்த தேதி எல்லாம் அந்தச் சில நொடியில் திரையில் இருக்கும். சான்றிதழ் டிசம்பரில் வாங்கி ஜனவரியில் ரிலீஸ் ஆன படங்களும் உண்டு, அதனால் வருடக் கடைசி என்றால் மட்டும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டப்பிங், ரீமேக், இருமொழிப் படம். புதிதாக எழுதுபவர்கள் மூன்றையும் கலந்துவிடுவார்கள். டப்பிங் என்றால் படம் அதேதான், குரல்தான் வேறு. ஆகவே மூலப் படத்தின் பெயரைப் போட்டு, மொழிக் கட்டத்தில் நீங்கள் கேட்ட மொழியை எழுதுங்கள், "தமிழ் டப்" என்று. ரீமேக் தனிப் படம். மலையாளத்தில் 2013-ல் வந்த த்ரிஷ்யம் ஒரு வரி, அதே ஜீத்து ஜோசப் 2015-ல் தமிழில் எடுத்த பாபநாசம் வேறு வரி. இரண்டையும் பார்த்தவர்கள் "பார்த்தாச்சு" என்று ஒன்றாக்கிவிடாதீர்கள். இருமொழியில் ஒரே நேரத்தில் எடுத்ததும் அப்படியே. மணிரத்னத்தின் ராவணன் 2010-ல் இந்தியிலும் வந்தது, இரண்டிலும் நடிகர் விக்ரம் உண்டு, ஆனால் தமிழில் அவர் வீரா, இந்தியில் போலீஸ் அதிகாரி. அதை ஒரே படம் என்று எழுதினால் உங்கள் குறிப்பே உங்களை ஏமாற்றும்.

பெயரைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் எழுதினால் ழகரம் ஒரு நாள் ஒரு மாதிரி, இன்னொரு நாள் வேறு மாதிரி வரும், நாயகன் என்ற பெயரில் நடுவில் இருக்கும் ககரத்துக்கே இரண்டு விதம் இருக்கிறது, அப்புறம் தேடினால் கிடைக்காது. மற்ற மொழிப் படங்களையும் தமிழ் எழுத்தில் எழுதலாம், ஆனால் கொரியப் படப் பெயர்களை எப்படி எழுதுவது என்று ஒரு தடவை முடிவு செய்துவிட்டு அதிலேயே நில்லுங்கள்.

எப்போது எழுதுவது

படுக்கும் முன். காலையில் எழுதலாம் என்று விட்டால் போச்சு. தியேட்டரில் பார்த்தால் நான் பார்க்கிங்கில் வண்டி வெளியே வருவதற்காக நிற்கும்போதே எழுதிவிடுவேன், அங்கே எப்படியும் பத்து நிமிடம் போகும். அப்போது ஷீட்டைத் திறக்கச் சோம்பலாக இருந்தால் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே மெசேஜ் அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறதே, அதில் பெயரையும் குறிப்பையும் போட்டுவிடுங்கள். தேதியும் நேரமும் அதுவே போட்டுக்கொள்ளும். வாரம் ஒரு முறை அங்கிருந்து ஷீட்டுக்கு மாற்றினால் போதும். இரண்டாவது தடவை நான் விட்டதற்குக் காரணம் "எல்லாவற்றையும் மாதக் கடைசியில் எழுதலாம்" என்று நினைத்தது. மாதக் கடைசியில் உட்கார்ந்தால் பெயர்கள் வந்தன, வேறு ஒன்றும் வரவில்லை.

டிக்கெட்டை நம்பி இருக்காதீர்கள். இப்போது தியேட்டரிலும் மாலிலும் கொடுக்கிற வழவழப்பான டிக்கெட் வெப்பத்தில் அச்சாகிற தாள், பர்சில் வைத்தால் சில மாதத்தில் வெளுத்து வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். என்னிடம் அப்படி ஒரு கட்டு இருக்கிறது, எது எந்தப் படம் என்று கடவுளுக்கே வெளிச்சம். டிக்கெட் வேண்டும் என்று ஆசைப்பட்டால் அன்றே ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

திரைப்பட விழாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டிசம்பரில் சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ ஒரு நாளைக்கு நான்கு படம் பார்க்கும்போது ராத்திரி அறைக்குப் போய் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். ஈரானியப் படத்தின் அப்பாவும் துருக்கியப் படத்தின் அப்பாவும் அதற்குள் ஒருவராகி இருப்பார்கள். அடுத்த படத்துக்கு வரிசையில் நிற்கும்போதே இரண்டு சொல் தட்டிவிடுங்கள்.

எதைக் கணக்கில் சேர்ப்பது

இதற்கு உலகத்துக்கெல்லாம் பொதுவான விதி கிடையாது. உங்களுக்கென்று ஒன்றை முடிவு செய்து, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, பிறகு மாற்றாமல் இருங்கள். என்னுடையதைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் நிறுத்திய படத்தையும் எழுதுவேன். பெயருக்குப் பக்கத்தில் "நிறுத்தினேன், 40 நிமிடம்" என்று. இதுதான் உண்மையில் அதிகம் உதவுகிறது, ஏனென்றால் முழுசாகப் பார்த்த படத்தைவிடப் பாதியில் விட்ட படத்தைத்தான் மறந்துபோய் மறுபடி ஆரம்பிப்போம். அடுத்த நாள் மீதியைப் பார்த்தால் புது வரி போட வேண்டாம், அதே வரியில் "முடித்தேன்" என்று தேதியோடு சேர்த்துவிடுவேன். மூன்று நாளாகத் துண்டு துண்டாக பஸ்ஸில் பார்த்தால் முடித்த தேதிதான் கணக்கு.

டிவியில் நடுவில் நுழைந்த படம் கொஞ்சம் சிக்கல். "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்று இரண்டு வாரமாக அலறி, கடைசியில் நாம் சேனலைத் திருப்பும்போது இடைவேளை தாண்டியிருக்கும். ஏற்கெனவே பார்த்த படம் என்றால் எழுதுவேன், பார்க்காத படத்தின் பின்பாதி மட்டும் என்றால் "பின்பாதி மட்டும்" என்று எழுதுவேன், பாட்டு ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருப்பியது கணக்கில் வராது.

இரவு பத்து மணி ஷோ நள்ளிரவைத் தாண்டித்தான் முடியும். எந்தத் தேதி? ஷோ ஆரம்பித்த தேதி. டிக்கெட்டிலும் அதுதான் இருக்கும், பின்னால் ஒப்பிட வசதி.

வெப் சீரிஸை இதில் கலக்காதீர்கள், அதற்குத் தனிப் பக்கம். எட்டு எபிசோடை எட்டு வரியாகப் போட்டால் வாரக் கணக்கு நாறிவிடும்.

வாரம் எங்கே தொடங்குகிறது

நமக்குப் படங்கள் வருவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, பண்டிகை என்றால் மட்டும் முன்னே பின்னே. அதனால் என் வாரம் வெள்ளியில் தொடங்கி வியாழனில் முடிகிறது. வியாழன் இரவு ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் கிடப்பதை மாற்றி, அந்த வாரத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டு, எத்தனை என்று எண்ணி, அந்த வாரத்தில் மனதில் நின்ற ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம் போடுவேன். ஒரே ஒன்றுக்கு. ஒன்றுமே நிற்கவில்லை என்றால் நட்சத்திரம் இல்லாத வாரம், அதுவும் ஒரு தகவல்தான்.

ஷீட்டில் வார எண்ணைத் தானாக வரவழைக்க வீக்நம் என்ற ஃபார்முலா உண்டு. சும்மா விட்டால் அது வாரத்தை ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும். தேதிக்கு அடுத்து ஒரு கமா போட்டு 15 என்று கொடுத்தால் வெள்ளியில் தொடங்கும். எக்செல்லிலும் அதே எண்தான். அதற்கு மேல் ஃபார்முலா எதுவும் முதல் ஆறு மாதத்துக்குத் தேவைப்படாது, ஃபில்டர் ஒன்றே போதும். "யாரோடு" கட்டத்தில் அம்மாவை மட்டும் வடிகட்டிப் பாருங்கள், ஒரு வருடத்தில் அவரோடு எத்தனை படம் பார்த்தீர்கள் என்று தெரியும். எனக்கு நான்கு என்று வந்தது. வீட்டில் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கிறோம்.

அதே உட்காருதலில் பார்க்க வேண்டிய படங்களின் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். அது வேறு பக்கத்தில் இருக்கட்டும், பார்த்ததோடு சேர்க்க வேண்டாம். தியேட்டரில் தவறவிட்ட தமிழ்ப் படம் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது, அதனால் ரிலீஸ் தேதியோடு குறித்து வைத்தால் எப்போது தேட வேண்டும் என்று தெரியும். அந்தப் பட்டியல் இருபதைத் தாண்டினால் கீழே இருப்பதை அழித்துவிடுங்கள். இருநூறு படம் உள்ள "பார்க்க வேண்டியவை" பட்டியலிலிருந்து யாரும் ஒன்றைக்கூட எடுத்துப் பார்த்து நான் கண்டதில்லை.

ஆப் வேண்டும் என்பவர்களுக்கு

படம் குறிப்பதற்கென்றே உள்ள ஆப்களில் இப்போது பேர் பெற்றது லெட்டர்பாக்ஸ்ட். நியூசிலாந்தில் 2011-ல் தொடங்கியது. கணக்குத் திறக்கக் காசு வேண்டாம், குறிப்பதற்கும் வேண்டாம், வருடாந்திரப் புள்ளிவிவரப் பக்கம் மாதிரியான சில வசதிகளுக்குத்தான் சந்தா.

புதிதாக வருபவர்கள் விழும் குழி ஒன்று அதில் இருக்கிறது. படத்தின் பக்கத்தில் கண் போல ஒரு குறி இருக்கும், அதை அழுத்தினால் "பார்த்தாச்சு" என்று ஆகிவிடும். எல்லோரும் சந்தோஷமாக ஐந்நூறு படத்துக்குக் கண்ணை அழுத்திவிட்டு, பிறகு டைரியைத் திறந்தால் ஒன்றுமே இருக்காது. காரணம், கண் குறி தேதியை எடுத்துக்கொள்ளாது. லாக் என்ற இடத்துக்குப் போய்த் தேதி கொடுத்துச் சேமித்தால்தான் டைரியில் ஏறும். முன்பே பார்த்த படம் என்றால் அதே இடத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்தால் மறுபடி பார்த்ததாகத் தனியாக ஏறும். முதலில் சொன்ன ஒரு வரிக்கு ஒரு தடவை என்பது இங்கே அப்படியே பொருந்தும்: கண் என்பது படம், லாக் என்பது பார்த்தது. பழைய படங்களுக்குக் கண், இன்றிலிருந்து பார்ப்பதற்கு லாக், இப்படிப் பிரித்துக்கொண்டால் சுத்தமாக இருக்கும்.

லெட்டர்பாக்ஸ்ட் தன் படத் தகவல்களை டிஎம்டிபி என்ற தளத்திலிருந்து எடுக்கிறது. அது பயனர்கள் சேர்த்து வளர்க்கிற தளம். ஆகவே எழுபதுகளின் தமிழ்ப் படம் ஏதாவது தேடிக் கிடைக்கவில்லை என்றால் டிஎம்டிபியில் கணக்குத் திறந்து நீங்களே சேர்க்கலாம், கொஞ்ச நேரம் கழித்து இங்கேயும் வந்துவிடும். நம் பழைய படங்களுக்கு இந்த வேலையைச் செய்ய ஆள் குறைவு, செய்தால் புண்ணியம். சீரிஸும் சேர்த்துக் குறிக்க வேண்டும் என்றால் டிராக்ட் என்ற ஆப் பொருத்தம், லெட்டர்பாக்ஸ்ட் முக்கியமாகப் படங்களுக்கானது.

படத் தகவல்களுக்கான ஐஎம்டிபி தளத்தை எல்லோருக்கும் தெரியும். 1990-லிருந்து இருக்கிறது, 1998-ல் அமேசான் வாங்கியது. அதில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வைக்கிறவர்கள் நிறைய. ஆனால் அங்கே பதிவாவது நீங்கள் மதிப்பெண் போட்ட தேதி. போன மாதம் பார்த்த படத்துக்கு இன்று போட்டால் இன்றைய தேதிதான். இரண்டாவது தடவை பார்த்து மதிப்பெண்ணை மாற்றினால் பழையது போய்விடும். படத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அருமையான இடம், டைரியாக வைத்துக்கொள்ள எனக்குச் சரிப்படவில்லை.

நட்சத்திரம், மதிப்பெண் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லெட்டர்பாக்ஸ்டில் அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை பத்துப் படிகள். ஆரம்பத்தில் எல்லோரும் எல்லாப் படத்துக்கும் மூன்றரை கொடுப்பார்கள். நானும் கொடுத்தேன். மூன்றரை என்பதற்கு "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை" என்று அர்த்தம். முதல் மூன்று மாதம் மதிப்பெண்ணே போடாமல் குறிப்பு மட்டும் எழுதிப் பாருங்கள்.

பழைய படங்களை என்ன செய்வது

பிறந்ததிலிருந்து பார்த்த எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்று ஒரு வெறி வரும். அடக்கிக்கொள்ளுங்கள். போன ஆறு மாதத்தை மட்டும் மீட்க முடியும், அதற்கும் மூன்று இடங்கள்தான்: ஓடிடியின் பார்வை வரலாறு, டிக்கெட் பதிவு செய்தபோது வந்த மின்னஞ்சல், போனில் இருக்கும் போட்டோக்கள்.

நெட்ஃபிளிக்ஸில் இது எளிது. டிவியிலோ போன் ஆப்பிலோ தேடாமல் கணினியில் பிரவுசரில் திறந்து, அக்கவுண்ட் பக்கத்தில் உங்கள் ப்ரொஃபைலுக்குப் போனால் பார்த்தவற்றின் பட்டியல் இருக்கும், அதன் அடியில் மொத்தத்தையும் இறக்கிக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கும். ஷீட்டில் திறக்கக்கூடிய சிஎஸ்வி என்ற வகைக் கோப்பாக வரும், பெயரும் தேதியும் மட்டும். மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, அது ப்ரொஃபைல்வாரியாகத்தான் வரும், அக்கா மகன் உங்கள் ப்ரொஃபைலில் கார்ட்டூன் பார்த்திருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான். என் பட்டியலில் முதல் இருநூறு வரி டைனோசர். இரண்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மூடியதும் உள்ளே இருக்கும், அதனால் அப்படியே ஒட்டாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுங்கள். மூன்று, சீரிஸின் ஒவ்வொரு எபிசோடும் ஒரு வரி. சீசன் என்ற சொல் உள்ள வரிகளை ஃபில்டர் போட்டு முதலில் நீக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இப்படி மீட்டதற்கு மேல் நினைவில் இருப்பதை எழுத ஆசை என்றால் எழுதுங்கள், ஆனால் தேதிக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். குத்துமதிப்பாக ஒரு தேதியைப் போட்டால் இரண்டு வருடம் கழித்து எது உண்மை, எது குத்துமதிப்பு என்று உங்களுக்கே தெரியாது. என் பெரியப்பா வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பழைய பாட்டுப் புத்தகங்கள் இருந்தன, தியேட்டர் வாசலில் விற்பார்களே, கதைச் சுருக்கம் எழுதி "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிப்பார்கள், அதுதான். சிலவற்றின் பின் அட்டையில் பென்சிலால் தேதியும் ஊர்ப் பெயரும் எழுதியிருந்தார். எழுதாதவையும் இருந்தன. எழுதியவற்றை மட்டும்தான் அவரால் விளக்கிச் சொல்ல முடிந்தது.

காப்பு

ஆப்போ ஷீட்டோ, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு நகலை வெளியே எடுத்து வையுங்கள். லெட்டர்பாக்ஸ்டில் செட்டிங்ஸில் டேட்டா என்ற பகுதியில் எக்ஸ்போர்ட் இருக்கிறது, டைரி முழுவதும் சிஎஸ்வியாக வந்துவிடும். அந்தக் கோப்பை எக்செல்லில் இரட்டை க்ளிக் செய்து திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் கொத்துக் கறியாகத் தெரியலாம், பயந்துவிடாதீர்கள், கோப்பு கெடவில்லை. காலி எக்செல்லைத் திறந்து, டேட்டா மெனுவில் சிஎஸ்வியிலிருந்து எடு என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுத்துமுறை கேட்கும் இடத்தில் 65001 என்று தொடங்கும் யூடிஎஃப்-8 ஐக் கொடுத்தால் சரியாக வரும். கூகுள் ஷீட்ஸில் இறக்கினால் இந்தத் தொல்லையே இல்லை. நோட்டுக்காரர்கள் மாதம் ஒரு முறை பக்கங்களைப் போனில் படம் எடுத்தால் போதும், ரசம் கொட்டிய பக்கம் என்னிடம் ஒன்று இருக்கிறது.

இரண்டு வாரம் எழுதாமல் விட்டுப்போனால் உட்கார்ந்து யோசித்து நிரப்ப வேண்டாம். "இரண்டு வாரம் எழுதவில்லை, வீட்டில் கல்யாணம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த படத்திலிருந்து தொடருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது ஷீட் எல்லோர் போனிலும் இருக்கிறது. அம்மாவுக்குத் தட்டச்சு வராது, அதனால் குரலில் சொல்லிக் குறிப்பை ஏற்றுகிறார். போன வியாழன் பார்த்தேன், நான் மூன்று நட்சத்திரப் படம் என்று நினைத்த ஒன்றுக்கு அவர் வரி இப்படி இருந்தது: "வீடு நல்ல வீடு. சமையலறையில் காற்றோட்டம் இல்லை."